பொகை எங்க போகுது?

போன டிசம்பரில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அக்கா வீடியோ காலில் வந்தாள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், அங்கே அப்போது முந்தைய நாள் ராத்திரி எட்டரை. புதிதாக வாடகைக்குப் போயிருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கூடத்துச் சுவரில் மாடம் மாதிரி ஒரு பள்ளம். அதற்குள் நாலைந்து விறகுக் கட்டைகள், நடுவே மஞ்சளாக நெருப்பு. அதன் முன்னால் சென்னிமலைப் போர்வையை விரித்து அக்கா மகன் படுத்திருந்தான்.

அமுச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"கட்டையெல்லாம் டூப்புங்க அமுச்சி. பீங்கான் மாதிரி. உள்ள எரியறது கேஸு."

"ஏங்கண்ணு, பொகை எங்க போகுது?"

"பொகையே வராதுங்க."

"பொகை வராத நெருப்பு ஏது? மேல ஓட்டை கீட்டை இருக்குதான்னு பாரு."

"ஓட்டையே வேண்டாமாங்க. அதுதான் இதுல விசேஷமே."

"என்னமோ போ" என்று அமுச்சி காப்பி குடிக்கப் போய்விட்டாள். 'வென்ட்-ஃப்ரீ' என்று அக்கா எனக்கு விளக்கினாள். புகைபோக்கி கிடையாது, சூடு கொஞ்சங்கூட வீணாகாது. போனை வைக்கும் நேரத்தில், பேச்சோடு பேச்சாக, "இவனுக்குத்தான் ஒரு வாரமா சாயங்காலமானா தலைவலி. ஸ்கூல்ல இருக்கறப்ப ஒண்ணும் இல்லையாம். சளியா இருக்கும்" என்றாள்.

அந்தத் தலைவலி எனக்குத் தெரியும். "அதை இப்பவே அணை. ஜன்னல், கதவு எல்லாத்தையும் திற. பையனைக் கூட்டிட்டு வெளிய போய் நின்னுட்டு கேஸ் கம்பெனி எமர்ஜென்சிக்குப் போன் பண்ணு" என்றேன். வெளியே எலும்பைக் குத்தும் குளிர். என்னைத் திட்டிக்கொண்டேதான் போனாள்.

அன்றைக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அமுச்சியின் கேள்வி. எண்பது வயதைத் தாண்டிய, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருத்திக்கு நெருப்பைப் பார்த்ததும் முதலில் அந்தக் கேள்விதான் வந்தது. எனக்கும் அக்காவுக்கும் ஏன் வரவில்லை? இடையில் நாம் எதை மறந்தோம் என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

சென்னிமலையிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர். மணிகளுக்கும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளுக்கும் பேர் போன அந்த இடத்தில், 1985 முதல் கா. ராஜன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. உலைகளோடு இரும்புக் கசடு, கூடவே சுடுமண் ஊதுகுழாய்த் துண்டுகள்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்ப் பக்கத்தில் உலை வைத்தவர்கள் எரிபொருளைப் பற்றி எவ்வளவு யோசித்தார்களோ அவ்வளவு காற்றைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள். நெருப்பு எவ்வளவு மூச்சு இழுக்கும் என்பது கொல்லனுக்குக் கைப்பழக்கம். துருத்தி நின்றால் உலை நின்றது.

உலை திறந்தவெளியில் இருந்ததால் காற்றுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குள் நெருப்பு வந்தபோது என்ன செய்தார்கள்? நக்கீரர் பாடியதாகச் சொல்லப்படும் நெடுநல்வாடையை இந்தக் கண்ணோடு மறுபடி வாசித்தேன். அதில் இரண்டு நெருப்பு இருக்கிறது. மழையில் மாட்டோடு மேட்டுநிலத்துக்குப் போன கோவலர் கையில் கொள்ளிக்கட்டை வைத்துக் குளிர்காய்கிறார்கள். அது வெட்டவெளி நெருப்பு. ஊருக்குள்ளோ வேனிற்காலத்தில் தென்றல் வர வைத்த திறப்புகளின் கதவுகளைத் தாழிட்டுவிட்டு, வாயகன்ற 'தடவு' என்ற பாத்திரத்தில் தணல் நிரப்பி வைக்கிறார்கள். தடவு என்றால் கணப்புச் சட்டி. கதவு சாத்திய அறை, நடுவில் புகைபோக்கி இல்லாத தணல். அக்கா வீட்டுக் கூடம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழையும். கூரை வேய்ந்தது. தாழ் போட்டாலும் வீடு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். நீலகிரியில் தோடர்கள் கட்டும் வளைகூரைக் குடிலில் ஜன்னலே கிடையாது. தவழ்ந்து நுழையும் அளவு வாசல், உள்ளே அடுப்பு. புகை வேய்ந்த புல் வழியாகக் கசிந்து போகும். கூரைதான் அங்கே புகைபோக்கி.

*

எங்கள் ஊர்க் குளிருக்கு எங்கள் ஊர் கண்ட வழி போர்வை. மார்கழியில் ரெண்டு போர்வை சேர்த்துப் போர்த்தினால் போதும், யாரும் கணப்பு மூட்டுவதில்லை. ஆகவே கொங்கு வீட்டில் நெருப்பு என்றால் ரெண்டே இடம்: சமையக்கட்டு, பொடக்காலி.

அமுச்சி வாக்கப்பட்டு வந்த வீடு நொய்யல் பக்கம். ஆசாரம், நடுவில் வானம் பார்த்த தொட்டி, பின்னால் தள்ளிச் சமையக்கட்டு. சமையக்கட்டுச் சுவர் கூரையைத் தொடாது, ஒரு முழம் இடைவெளி விட்டிருப்பார்கள். ஓட்டை ஒரு இடத்தில் மட்டும் தூக்கிக் கூண்டு மாதிரி கட்டியிருப்பார்கள். அடுப்புக்கு மேலே அட்டாலியில் அடுத்த வருஷத்து விதைச் சோளம் தொங்கும். புகை பட்ட விதையில் வண்டு விழாது. புகைக்கு ஒரு வேலை கொடுத்து, வேலை முடிந்ததும் தாட்டிவிடுவது மாதிரியான ஏற்பாடு.

பொடக்காலி என்பது வீட்டின் பின்பக்கம், பாத்திரம் கழுவ, குளிக்க, துவைக்க உள்ள இடம். அங்கே மூன்று கல் கூட்டி அண்டாவில் தண்ணி காயும். பருத்திமார், தேங்காய் மட்டை, சோளத்தட்டு என்று எது கிடைக்கிறதோ அது எரியும். மேலே வானம். குளிக்கிற இடத்துக்குத் தட்டி மறைப்பு, சில வீட்டில் அதுவும் இல்லை. பெண்கள் விடியுமுன் எழுந்து குளித்ததற்கு அந்த மறைப்பில்லாமையும் ஒரு காரணம். அந்தச் சிரமத்தை மறந்துவிட்டுப் பொடக்காலியைப் புகழ்வது சரியில்லை.

சமையக்கட்டையும் அப்படித்தான். முழ இடைவெளி எல்லாப் புகைக்கும் போதாது. அமுச்சியின் கண் சிவப்பு, விடியற்காலை இருமல் எல்லாம் அந்த அடுப்பு கொடுத்தவை. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த எஸ். பி. ராஜு இதை ஒரு பொறியியல் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, மண்ணிலேயே புகைபோக்கியோடு கட்டும் அடுப்பை வடிவமைத்தார். அதை விளக்கி அவர் எழுதிய புத்தகம் 1953இல் சென்னையில் அச்சானது. 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கோடிக்கணக்கில் கொடுத்தார்கள். நிறைய அடுப்புகள் சில வருஷத்திலேயே கைவிடப்பட்டன. குழாயில் கரி அடைத்தது, துடைக்க ஆளில்லை, விரிசல் விட்டால் பூச ஆளில்லை. புகைபோக்கி என்பது ஒருமுறை வைத்துவிட்டு மறக்கிற பொருள் இல்லை என்று நாம் கற்றுக்கொண்ட பாடம் அது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழகக் கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. விறகு எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை நுண்தூசி. அம்மாக்களும் அமுச்சிகளும் அதற்குள்தான் உட்கார்ந்து நமக்குச் சோறு போட்டார்கள்.

ஆனால் புகை ஒரு நன்மை செய்தது. கண்ணைக் கரித்து, தொண்டையைப் பிடித்து, ஆளை எழுப்பி வெளியே துரத்தியது. விஷத்தைக் கொண்டுவந்த அதே புகைதான் எச்சரிக்கையையும் கொண்டுவந்தது.

*

கணப்புக்கென்றே சுவரில் இடம் விட்டு, மேலே கூண்டு எழுப்பும் பழக்கம் நம் பக்கம் மலை மேலே வெள்ளைக்காரர்களோடு வந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். அப்போது ஊட்டியும் சென்னிமலையும் ஒரே கோயம்புத்தூர் ஜில்லா. இன்றைக்கும் ஊட்டி, குன்னூர் பழைய வீடுகளின் கூரை மேல் செங்கல் கூண்டுகள் நிற்பதைப் பார்க்கலாம்.

அந்தக் கூண்டுக்குப் பின்னால் பெரிய சண்டை நடந்திருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1744இல் தன் இரும்பு அடுப்பைப் பற்றிச் சிறுநூல் போட்டார். ரம்ஃபோர்டு பிரபு 1796இல் கணப்பின் வாயைக் குறுக்கி, புகை அறைக்குள் திரும்பாதபடி கட்டுவது எப்படி என்று எழுதினார். ரெண்டு பேருக்கும் ஒரே ஆற்றாமை: கட்டை எரியும் சூட்டில் பெரும்பகுதி கூண்டு வழியாக வானத்துக்குப் போகிறது. சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு புகையை மட்டும் அனுப்ப முடியாதா?

கூண்டு அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த சாவு ஒன்று உண்டு. 1902 செப்டம்பர் 29, பாரீஸ். எமிலி ஸோலா தன் வீட்டுப் படுக்கையறையில் இறந்து கிடந்தார். மனைவி மயங்கிக் கிடந்து பிழைத்துக்கொண்டார். அறையில் கணப்பு இருந்தது, புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. டிரேஃபஸ் வழக்கில் அவர் எழுதியதற்காக யாரோ வேண்டுமென்றே அடைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் இன்றுவரை ஓயவில்லை. கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, கண் கரிக்காது. காற்று போதாமல் எதை எரித்தாலும், கரியானாலும் கேஸானாலும், அது உண்டாகும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு. இதை 1850களிலேயே பிரான்ஸில் கிளாத் பெர்னார் ஆராய்ந்து காட்டியிருந்தார். ஸோலா வீட்டுச் சுவருக்கு அது தெரியாது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜே. எஸ். ஹால்டேன், சுரங்கத்துக்குள் போகிறவர்கள் சின்னப் பறவையைக் கூண்டில் எடுத்துப் போகலாம் என்றார். மனிதனுக்கு முன்னால் அது தள்ளாடி விழும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அந்தப் பறவைகள் வேலை பார்த்தன. புகை செய்துவந்த எச்சரிக்கை வேலையைப் புகையில்லாத இடத்தில் ஒரு பறவை செய்தது.

*

1965இல் இண்டேன் கேஸ் வந்தது. முதலில் நகரத்துக்கு, மெல்ல மெல்ல எங்களுக்கு. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச கேஸ் அடுப்புத் திட்டம், 2016இல் மத்திய அரசின் உஜ்வலா. அமுச்சி வீட்டில் நீல ஜுவாலை எரிந்த முதல் நாள் "கண்ணு எரியலீங்க" என்று எல்லாரிடமும் சொன்னாளாம். அது சின்ன விஷயமே இல்லை. கேஸை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் புகை போனதும் ஓட்டைகளுக்கு மரியாதை போனது. புதுச் சமையலறையில் முழ இடைவெளி இல்லை. சீமை ஓடு போய் கான்கிரீட் வந்தது. பொடக்காலியும் வீட்டுக்குள் வந்து 'பாத்ரூம்' ஆனது. வானத்துக்குக் கீழே தண்ணி காய்ச்சிய அதே நெருப்பு ஐந்துக்கு ஆறு அறைக்குள் சுவரில் ஏறி 'கேஸ் கீசர்' ஆனது. விடிகாலை இருட்டில் குளித்த பெண்களுக்குக் கதவும் தாழும் கிடைத்தது நல்லது. நெருப்பையும் அவர்களோடு சேர்த்துத் தாழ் போட்டதுதான் வினை.

2016இல் கோவையில் படித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. குளியலறையில் கேஸ் கீசர். மேலே கண்ணாடிப் பட்டை வைத்த வென்டிலேட்டர், அது வழியாகக் கொசுவும் மார்கழிக் குளிரும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நியூஸ்பேப்பர் வைத்து ஒட்டி அடைத்தோம். ஒட்டினோம் என்ன, ஒட்டியது நான்தான். பசை காய்ச்சியதும் நான்தான்.

அடுத்த ரெண்டு வாரமும் குளித்துவிட்டு வந்தால் தலை கனக்கும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் முகத்தில் சோப்போடு இருந்தபோது கால் என்னுடையது இல்லாத மாதிரி ஆனது. அவ்வளவுதான் ஞாபகம். தாழ் சரியாக விழாத பழைய கதவு. விழுந்த சத்தம் கேட்டு நண்பன் தள்ளியதும் திறந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கணக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டுக்கு "மயக்கம்" என்று மட்டும் சொன்னோம்.

பின்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ சமையல் கேஸ் முழுசாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்து முடிந்தால் சுமார் மூன்று கிலோ கரியமில வாயுவும் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும் வரும். அந்த மாதிரிக் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஒரு கிலோ வரை இழுக்கும். ஐந்துக்கு ஆறு, எட்டடி உயரம் உள்ள குளியலறையின் மொத்தக் காற்றே 7 கன மீட்டர்தான். நன்றாக அடைத்த அறையில் ஐந்தே நிமிடத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கிவிடும். அதற்குக் கீழே ஜுவாலைக்கே மூச்சு முட்டும். அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு கிடுகிடுவென்று கூடும். கதவின் கீழ் இடுக்கு எனக்குக் கொஞ்சம் காற்று கொடுத்திருக்கிறது. வென்டிலேட்டர் கொடுக்க வேண்டியதை நான் பேப்பர் ஒட்டி நிறுத்தியிருந்தேன்.

*

எல்லாருக்கும் தாழ் விழாத கதவு வாய்ப்பதில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலையில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் ஒரே அறையில் தங்கினார்கள். நாலு பேர் குழந்தைகள். குளிருக்காகக் கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினார்கள். காலையில் யாருமே பிழைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ கரியை அறைக்குள் விட்டுவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். நக்கீரர் காலத்துத் தடவு, இடுக்கே இல்லாத அறைக்குள்.

அக்கா வீட்டு நெருப்பு இந்த வரிசையில் கடைசியாக வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கர்கள் சூடு வெளியே போகாதபடி வீடுகளை இறுக்கி அடைக்கத் தொடங்கினார்கள். பிராங்க்ளின், ரம்ஃபோர்டு ஆற்றாமைக்கு ஒருவழியாகப் பதிலும் கிடைத்தது: கூண்டையே எடுத்துவிடு, சூடு முழுக்க அறையிலேயே இருக்கும். நிஜந்தான். சூட்டோடு மற்றதும் அறையிலேயே இருக்கும்: கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் டையாக்சைடு, எரிவது கெட்டால் கார்பன் மோனாக்சைடு.

தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால் அதில் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு இறங்கினால் சின்ன வழிகாட்டிச் சுடர் தூக்கிக்கொண்டு கேஸை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, கார்பன் மோனாக்சைடைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அங்கே விதிகளும் கறாராக இருக்கின்றன. கலிபோர்னியாவில் வீடுகளுக்குள் இந்த வகை ஹீட்டருக்கே அனுமதி இல்லை. அனுமதி உள்ள இடங்களில் மணிக்கு 1000 பிடியு சூட்டுக்கு 50 கன அடி அறை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிடியு என்பது ஹீட்டரின் தகட்டிலேயே எழுதியிருக்கும் அளவு. பெரிய ஹீட்டர் 40,000 பிடியு, கிட்டத்தட்ட என் கீசர் அளவு. அதற்கு 2000 கன அடி வேண்டும், அதாவது இருபதுக்குப் பன்னிரண்டரை, எட்டடி உயரம். படுக்கையறையில் 10,000க்கு மேலும் குளியலறையில் 6000க்கு மேலும் கூடாது. வீட்டுக்கே ஒரே சூடாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது. அறை சின்னதாக இருந்தால், புது வீடு மாதிரி இறுக்கமாக இருந்தால், வெளிக்காற்று வர வழி விட வேண்டும். ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வைப்பதும் வழிதான். சூடு கொஞ்சம் போகும். போகட்டும்.

நம் கீசருக்கும் சாரம் அதேதான். கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே காற்றாட வைப்பது, சூடான தண்ணியை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவது. பொடக்காலிக் கணக்கும் அதுதானே? அதற்கு வழியில்லாதவர்கள், வாளியில் தண்ணி பிடித்து, கீசரை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு குளிக்கலாம். வென்டிலேட்டரில் பேப்பர் ஒட்டாதீர்கள்.

*

அக்கா வீட்டுக்கு அரை மணி நேரத்தில் கேஸ் கம்பெனி ஆள் வந்தார். மீட்டரை உள்ளே நீட்டியதுமே எல்லாரையும் வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். காரணம் எளிது. டூப்புக் கட்டைகளை எப்படி அடுக்க வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. பையன் முகாம் நெருப்பு மாதிரி அழகாக இருக்கட்டும் என்று மாற்றி அடுக்கியிருக்கிறான். ஒரு கட்டை ஜுவாலை வரும் துளைகள் மேலேயே படுத்திருக்கிறது. கட்டை முழுக்கக் கரி. வீட்டில் புகை அலாரம் மூன்று இருந்தன. புகை இல்லாததால் மூன்றும் சும்மா இருந்தன. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றுகூட இல்லை. அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் பையனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். விடிவதற்குள் தலைவலி போய்விட்டது. இப்போது படுக்கையறை வாசலில் அந்த அலாரம் மாட்டியிருக்கிறது. ஹால்டேனின் பறவை என்று அக்காவிடம் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் அமுச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 2016இல் நடந்ததையும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போய், மேலே வென்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"தெறந்துதான இருக்குது?"

"தெறந்துதாங்க அமுச்சி இருக்குது. கொசுதான் வருது."

"கொசுவத் தட்டிக்கலாங் கண்ணு."